காணி உறுதியை ஈடு வைப்பதற்கு முன்

குழு: சாவகச்சேரி வீடு
ஞாயிறு, ஜனவரி 2026

பெரியப்பா, காலை 6:38
எல்லோருக்கும் வணக்கம். பத்திரிகை பார்த்தீர்களா? வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2025இல் நாட்டுக்கு அனுப்பிய பணம் 800 கோடி டொலரைத் தாண்டியிருக்கிறது. இதற்கு முன் எந்த ஆண்டிலும் இவ்வளவு வந்ததில்லை. 2022இல் 380 கோடி டொலர் அளவில்தான் வந்தது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் இரவு முழுக்க வரிசையில் கிடந்த நாட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

கொழும்பு மாமா, 7:05
ஆறுதல்தான் அண்ணை. ஆனால் அந்தப் பணத்துக்குப் பின்னால் இருக்கும் ஆட்களையும் எண்ண வேண்டும். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கென்று வெளிநாடு போனார்கள். 2024இலும் அதே அளவுதான்.

தம்பி, 7:11
அடுத்தது நான் மாமா. ருமேனியாவில் தொழிற்சாலை வேலைக்கு ஒரு முகவர் ஆள் எடுக்கிறார். 14 லட்சம் கேட்கிறார். பாதியை இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும்.

அம்மா, 7:14
நேற்று இரவுதான் என்னிடமும் சொன்னான். காணி உறுதியை ஈடு வைத்துக் கொடுப்போமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா, 7:16
உறுதியையா? 2000ஆம் ஆண்டு சண்டையில் சாவகச்சேரியை விட்டு ஓடியபோது, உடுப்பைக்கூட விட்டுவிட்டு என் தம்பி கையில் எடுத்தது அந்த உறுதியைத்தான். அவன் இல்லாத நேரத்தில் இப்படி ஒரு முடிவை அவசரமாக எடுக்காதீர்கள்.

பெரியப்பா, 7:19
தம்பி, நாடு மெல்ல எழும்பி வரும் நேரத்தில் ஏன் போக வேண்டும்? பணவீக்கம் அடங்கிவிட்டது. வேலையின்மை வீதம் 5க்கும் கீழே என்று அரசாங்கமே சொல்கிறது.

தம்பி, 7:32
பெரியப்பா, கணக்கியலில் உயர் டிப்ளோமா முடித்துவிட்டு கைபேசிக் கடையில் நிற்கிறேன். சம்பளம் 38,000 ரூபா. இந்த மாதத்திலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 30,000. படித்த படிப்புக்குக் கூலியாக எனக்குக் கிடைப்பது அதற்கு மேலே இருக்கும் 8,000 ரூபாதான்.

போன மாதம் கடைக்கு இன்னோர் ஆள் தேவை என்று முதலாளி கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினார். மத்தியானத்துக்குள் வந்தவர்களில் இரண்டு பேர் பட்டதாரிகள். ஒரு அண்ணா சான்றிதழ்களை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கைபேசித் திரை மாற்றத் தெரியுமா என்று மட்டும் முதலாளி கேட்டார். அவர் அந்த உறையைத் திறக்கவே இல்லை. நான்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து வருடம் கழித்து நானும் அப்படி நிற்கக்கூடாது.

கொழும்பு மாமா, 7:45
அண்ணை, அந்த 5 சதவீதக் கணக்கைக் கொஞ்சம் விளக்குகிறேன். கணக்கெடுக்கும் கிழமையில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரும் வேலை உள்ளவர்தான். வேலை தேடிக் களைத்து வீட்டில் இருந்துவிட்டவர் வேலையில்லாதவராக எண்ணப்படுவதில்லை. விமானம் ஏறியவர் கணக்கிலேயே இல்லை. இது உலகமெங்கும் உள்ள முறைதான், பொய்யில்லை. ஆனால் தம்பி சொல்லும் கவலை அந்த எண்ணுக்குள் அடங்காது.

விசுவமடு அக்கா, 8:20
பெரியப்பா, பணவீக்கம் அடங்கிவிட்டது என்கிறீர்கள். கடையில் எந்தச் சாமானும் பழைய விலைக்கு வரவில்லையே. அரிசி, பால்மா, பிள்ளைகளின் கொப்பி, எதை எடுத்தாலும் 2021இல் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்டக் கொடுக்கிறோம்.

கொழும்பு மாமா, 8:27
நீ சொல்வதுதான் சரி பிள்ளை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி ஒரே ஆண்டில் விலைகள் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறின. உணவுக்கு மட்டும் பார்த்தால் 95 சதவீதத்தை ஒட்டியது. அதற்குப் பிறகு ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறியது இறங்கவில்லை. சம்பளமோ அந்த அளவுக்கு ஏறவில்லை.

ஒரு ஆள் ஒரு மாதம் அடிப்படைத் தேவைகளோடு சீவிக்க வேண்டிய தொகை என்று புள்ளிவிபரத் திணைக்களம் கணிப்பதே 16,000 ரூபாவைத் தாண்டுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 64,000. அதைத் தம்பியின் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள்.

பெரியப்பா, 8:31
இவ்வளவுக்கும் காரணம் கொரோனாவும் உல்லாசப் பயணிகள் வராமல் போனதும்தானே?

கொழும்பு மாமா, 8:48
அவையும் காரணம்தான். ஆனால் கையால் செய்த வினைகளும் உண்டு. 2019 டிசம்பரில் வற் (பெறுமதி சேர்) வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் எடுத்துவிட்டார்கள். வருமானம் விழுந்தவுடன் பணம் அச்சிட்டார்கள். டொலர் கையிருப்பு கரையக் கரைய, ரூபாவை 200ஐ ஒட்டிப் பிடித்துவைத்தார்கள். 2022 மார்ச்சில் விட்டவுடன் இரண்டு மாதத்தில் 360க்குப் போனது. குறைத்த வரி திரும்பி வந்தபோது 8 போய் 12, 15, 2024 ஜனவரியில் 18 சதவீதம். கோடீஸ்வரன் வாங்கினாலும் கூலிக்காரன் வாங்கினாலும் கடையில் அதே 18.

விசுவமடு அக்கா, 8:55
உரத்தை விட்டுவிட்டீர்கள் மாமா. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் கடையில் உரம் இல்லை, இருந்த மூட்டை நாங்கள் வாங்கும் விலையில் இல்லை. அந்தக் காலபோகத்தில் எங்கள் வயலில் பாதி நெல்லும் வரவில்லை. எங்கள் வீட்டில் கடன் தொடங்கியது அந்தப் போகத்தில்தான்.

நான், 9:02
அக்கா, எவ்வளவு கடன்? நான் கேட்கும்போதெல்லாம் சமாளிக்கிறோம் என்றுதான் சொல்கிறாய்.

விசுவமடு அக்கா, 9:30
குழுவில் எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு நுண்கடன் நிறுவனத்தில் 150,000 எடுத்தோம். கிழமைக்கு 4,200 கட்டுக்காசு. அதைக் கட்ட முடியாமல் இன்னொன்றில் 80,000. உரக்கடையில் 190,000 நிலுவை, அறுவடையில் தருவதாகச் சொல்லியிருந்தோம். என் தாலிக்கொடியும் இரண்டு சோடிக் காப்பும் அடகில். அத்தானின் மோட்டார் சைக்கிள் லீசிங் இரண்டு மாதம் கட்டவில்லை.

நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் வெள்ளத்தில் எங்கள் மூன்று ஏக்கரில் இரண்டு ஏக்கர் நீரில் நின்று அழுகிவிட்டது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போன புயலில் வயலைப் பற்றிப் பேசுவது சரியா என்றுதான் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா, 9:33
தாலிக்கொடியை எப்போது வைத்தாய்?

விசுவமடு அக்கா, 9:34
போன ஆவணியில் அம்மா. பொங்கலுக்கு வந்தபோது கழுத்தில் கிடந்தது கவரிங்.

நான், 9:52
அக்கா, முதலில் ஒன்று சொல்கிறேன். இது உன்னுடைய பிழை இல்லை. எங்கள் சிக்கனக் கடனுதவு சங்கத்துக்கு வரும் பெண்களில் பாதிப்பேரின் கதை இதுதான். புதன்கிழமை கட்டுக்காசு வாங்க மோட்டார் சைக்கிளில் ஆள் வருவார். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்ற நான்கு பெண்களும் அவள் வீட்டு வாசலில் இருக்க வேண்டும், அவள் கட்டும்வரை அவர் எழும்ப மாட்டார். அயலவர்களுக்கு இடையே உள்ள உறவையே பிணையாக எடுத்துக்கொண்டு கொடுக்கப்படும் கடன் அது. பயத்தில் அவள் பக்கத்து நிறுவனத்தில் கையெழுத்துப் போடுவாள்.

2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்குக் குறைந்த நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதோடு வட்டிக்கு 35 சதவீதம் என்று உச்சம் வைத்தது. கவனியுங்கள், 35 என்பது உச்சவரம்பாக வைக்க வேண்டிய அளவுக்கு அதற்கு மேலே வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான், 10:06
மாமா, எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி இந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. யாரும் வாசலில் வந்து இருக்கவில்லை. சட்ட ஆலோசகர்கள் வந்தார்கள், சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் 300 கோடி டொலர் திட்டத்தை ஏற்றது, 2024 டிசம்பரில் நாட்டின் கடன் பத்திரங்களை வைத்திருந்த பிணைமுறிக்காரர்கள் அசல் தொகையில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்து புதிய பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். நாடுகளிடம் வாங்கிய கடனின் அசலைத் திருப்பிக் கட்டுவது 2028இலிருந்து. கட்ட முடியாதவனுக்குக் காலம் கொடுப்பது நியாயம். நான் அதைக் குறை சொல்லவில்லை. அதே நியாயம் விசுவமடுவுக்கு ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறேன். அக்காவும் உரத்தடையும் வெள்ளமும் வந்ததால்தான் கட்ட முடியாமல் போனாள். அவளுக்கு ஒரு கிழமை தவணைகூட இல்லை.

அதற்கு மேலே, நாட்டுக்குக் கிடைத்த தவணையின் விலையையும் அவள்தான் கட்டுகிறாள். பிள்ளையின் கொப்பியில் 18 சதவீதம், மின்கட்டணத்தில் 2022 ஓகஸ்டில் ஒரு 75 சதவீதம், ஆறு மாதத்தில் இன்னொரு 66 சதவீதம். பிறகு குறைத்தார்கள்தான். குறைக்கும் முன் எத்தனை வீடுகளில் மின்சாரத்தை வெட்டினார்கள்!

கொழும்பு மாமா, 10:15
தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதியையும் சேர்த்துக்கொள் பிள்ளை. 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் பிணைமுறிகளைத் தொடவில்லை. தொழிலாளரின் நிதியில் இருந்தவற்றைத்தான் மாற்றினார்கள். முதலில் 12, பிறகு 9 சதவீத வட்டி. அப்போது அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் திறைசேரி உண்டியலே 20 சதவீதத்தை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 28 வருடம் உழைத்த என் பணமும் அதற்குள் இருக்கிறது.

பெரியப்பா, 10:22
இவ்வளவு வேதனையை வைத்துக்கொண்டு பிள்ளை பொங்கலுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாளே. என் ஓய்வூதியத்தில் லீசிங் நிலுவையைக் கட்டிவிடுகிறேன். அதை இன்றைக்கே முடிப்போம்.

கனடா அண்ணா, 10:40
இங்கே இரவு. தூங்காமல் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

நானும் மறைக்காமல் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் அமெரிக்கா வாகனங்களுக்கு 25 சதவீத வரி போட்ட பிறகு எங்கள் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மேலதிக நேர வேலை இல்லை. 2021இல் 2 சதவீதத்துக்கும் குறைந்த வட்டிக்கு எடுத்த வீட்டுக்கடன் இந்த ஆண்டு புதுப்பிக்க வருகிறது. மாதக்கட்டு எவ்வளவு கூடும் என்று வங்கியில் காட்டினார்கள், வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்தது.

தம்பிக்கு 14 லட்சம் என்னால் முடியாது. 5 லட்சம் அனுப்ப முடியும். அதை எதற்கு என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்.

தம்பி, 10:44
அக்காவுக்கு அனுப்புங்கள் அண்ணா.

அம்மா, 10:45
என் பிள்ளை.

கொழும்பு மாமா, 10:58
தம்பி, உன் பயணத்தையும் பேசுவோம். முகவருக்கு உரிமம் இருக்கிறதா, அந்த வேலைக்கு ஆள் எடுக்க அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேள். இரண்டும் வேறு வேறு கேள்விகள், இரண்டையும் கேட்க வேண்டும். பாதிப் பணத்தை இந்த மாதக் கடைசிக்குள் என்று அவசரப்படுத்துகிறவரிடம் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஐரோப்பாவுக்கு என்று புறப்பட்ட எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ரஷ்யப் படையில் கொண்டுபோய் விடப்பட்ட செய்தியை நீயும் படித்தாய். கணினி வேலை என்று போனவர்கள் மியன்மாரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள்.

கொரியாவுக்கு என்றால் மொழிப் பரீட்சை எழுதிப் பணியகம் வழியாக மட்டும்தான் போகலாம். முகவருக்கு அங்கே இடமில்லை. காலம் எடுக்கும், ஆனால் உறுதி பெட்டிக்குள் இருக்கும்.

தம்பி, 11:04
திங்கட்கிழமை காலையில் எடுத்துக் கேட்கிறேன் மாமா. ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் போகத்தான் போகிறேன். காணியை வைத்துப் போக மாட்டேன்.

பெரியப்பா, 11:06
அது போதும் தம்பி. போகாதே என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

நான், 11:25
அண்ணாவின் 5 லட்சத்தை எப்படிப் பிரிப்பது என்று என் எண்ணத்தைச் சொல்கிறேன். இரண்டு நுண்கடனையும் முதலில் முழுதாக முடிப்போம், வட்டி அதிகம் அங்கேதான். முற்றாகக் கட்டியதற்கு முத்திரையோடு கடிதம் வாங்காமல் திரும்பக்கூடாது. உரக்கடைக்காரர் தெரிந்த மனிதர், பாதியைக் கொடுத்தால் மீதிக்குச் சிறுபோகம்வரை தவணை தருவார்.

நகையை விட்டுவிடாதே அக்கா. நீ வைத்த நாளில் இருந்ததைவிடப் பவுண் விலை மிகவும் கூடிவிட்டது. ஏல அறிவித்தல் வருவதற்கு முன் வட்டியைக் கட்டிப் புதுப்பித்தால் கொடி உன்னுடையது. எங்கள் சங்கத்தில் இந்த மாதமே உறுப்பினராகச் சேர், ஆறு மாதம் சேமித்தால் அடுத்த காலபோகத்துக்கு விதைநெல் கடன் எடுக்கலாம்.

விசுவமடு அக்கா, 11:31
புதன்கிழமை அவர் வருவார்.

நான், 11:33
புதன் காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். கடன் புத்தகங்கள், அடகுச் சீட்டு, லீசிங் ஒப்பந்தம், அத்தானின் அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் எடுத்து வை. நிலுவை எவ்வளவு என்று அவர் வாயால் சொல்வதை ஏற்காதே, எழுதித் தரச் சொல்வோம். குழுவில் உள்ள மற்ற நான்கு பேரையும் வரச்சொல், அவர்களுடைய புத்தகங்களையும் நான் பார்க்க வேண்டும்.

கனடா அண்ணா, 11:36
எந்தக் கணக்குக்கு அனுப்ப? அக்காவின் கணக்கிலிருந்து கட்டுக்காசைத் தானாக வெட்டும் ஏற்பாடு ஏதும் இருக்கிறதா?

விசுவமடு அக்கா, 11:38
லீசிங்குக்கு இருக்கிறது அண்ணா.

நான், 11:39
அப்படியென்றால் அம்மாவின் கணக்குக்கு அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை நானும் அம்மாவும் போய் எடுக்கிறோம்.