டீ ஃபேக்டரியில் மூன்று மொழி, நடுவில் சந்தேகம்: வழி சொல்லுங்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளாக்கும் முறை) ஃபேக்டரி. இலை வாட்டும் தொட்டியில் ஜார்க்கண்ட் ஆட்கள். தங்களுக்குள் சாத்ரி பேசுவார்கள், மற்றவர்களிடம் அரைகுறை இந்தி. ரோலரில் படுகர் அண்ணன்மார், அவர்களுக்குள் படுகு. டிரையரிலும் தூள் சலிக்கும் இடத்திலும் தமிழ்ப் பெண்கள்.

மெஷின் ஓடும்போது தொல்லையில்லை, அந்தச் சத்தத்தில் எந்த மொழியும் கேட்காது. தகராறு டீ இடைவேளையிலும் ஷிப்ட் மாறும்போதும்தான். ஒருத்தரைப் பார்த்துவிட்டு வேறு மொழியில் சிரித்தால் போதும், "நம்மளத்தான் சொல்றாங்க". இந்த சீசன் தொடங்கியதிலிருந்து முகம் கொடுத்தே பேசுவதில்லை. தொட்டியில் இலை சரியாக வாடவில்லை என்ற தகவல் ரோலருக்குப் போவதில்லை. ஈர இலை ரோலரில் கட்டியாகி, டிரையரில் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கிறது. சுமார் 3 சதவீத ஈரத்துக்கு இறங்க வேண்டிய தூள் அது. இப்படியே மூட்டை கட்டினால் பூஞ்சைதான்.

முதலில் 'தமிழ் மட்டும்' என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டது. ஆட்கள் வாயையே மூடிக்கொண்டார்கள், எடுத்தாச்சு. தாய்மொழிக்குத் தடை போடுவது நியாயமும் இல்லை. மூன்றும் தெரிந்த ஒருத்தரை நடுவில் வைத்தால், சுருக்கிச் சொல்கிறார், எதையோ மறைக்கிறார் என்று பேச்சு. கரும்பலகையில் தொட்டி எண், இலை கொட்டிய நேரம், ஈர சதவீதம் எழுதுவது மட்டும் ஓரளவு கைகொடுக்கிறது.

வேற்று மொழிக்காரர் பக்கத்தில் வந்தால், பேசிக்கொண்டிருந்ததை அவருக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும் என்றும் ஏற்பாடு. மேஸ்திரி இருந்தால் நடக்கிறது, அவர் நகர்ந்தால் இல்லை.

மேற்பார்வை இல்லாத இடைவேளையிலும் இந்தப் பழக்கம் நிலைக்க, உங்கள் எஸ்டேட்டிலோ ஃபேக்டரியிலோ எது பலித்தது?