குடும்பிமலைப் பக்கம் ஆட்களைக் கூட்டிவரலாமா, வேண்டாமா?

படுவான்கரையான்:
மட்டக்களப்புக்கு யாராவது வந்தால் நாம் காட்டுவது எப்பவும் அதே இடங்கள்தான். கல்லடிப் பாலம், புளியந்தீவுக் கோட்டை, பாலமீன்மடு வெளிச்சவீடு, பாசிக்குடா. வாவிக்கு மேற்கே இவ்வளவு பெரிய நிலம் கிடக்கிறது, அங்கே ஒருவரையும் கூட்டிப் போவதில்லை.

என் யோசனை இதுதான். கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் தாண்டிக் குடும்பிமலை அடிவாரம் வரை உள்ள ஊர்களில், வெயில் காலத்தில் மட்டும், நடைப் பயணம் நடத்தலாம். பரந்த மேய்ச்சல் வெளி, பற்றைக்காடு, இடையிடையே குளங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கண்ணில் படும். வழிகாட்டி ஊர்ப் பொடியன்களாக இருக்க வேண்டும், சாப்பாடு ஊர் வீடுகளில் சமைக்க வேண்டும், காசு அங்கேயே நிற்க வேண்டும்.

மலை ஏறுவதை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது மாடுகளை அடைக்கும் பட்டி. விடியப்புறம் போனால் கன்றுகளைத் தனியாக அடைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகத் திறந்துவிட, அது அத்தனை மாட்டுக்குள்ளும் பிசகாமல் தன் தாயிடம் போய் நிற்கும். கொஞ்சம் குடிக்கவிட்டு, கன்றைத் தாயின் முன்காலோடு கட்டிவிட்டுக் கறப்பார்கள். பால் வாளியில் விழும் சத்தத்தைத் தவிர அந்த நேரம் ஒன்றும் கேட்காது. நகரத்துப் பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டாமா? சட்டித் தயிர் கடையில்தான் விளைகிறது என்று நினைக்கும் பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

எங்கள் பொடியன்கள் கட்டாருக்குப் போவதற்கு வட்டிக்குக் காசு வாங்குகிறார்கள். இந்த மண்ணிலேயே ஒரு வருமானம் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பட்டிக்காரன் மகன்:
அண்ணன், நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் நான் இதற்கு முழு எதிர்ப்பு.

நீங்கள் பரந்த வெளி என்று எழுதுவது எங்களுக்கு மேய்ச்சல் தரை. பெரும்போக விதைப்புக்கு முன்னால் ஆரம்பக் கூட்டத்தில் திகதி வைத்து மாடுகளை வயலை விட்டு வெளியேற்றச் சொல்கிறார்கள். அப்போது மாடு எங்கே போகும்? மயிலத்தமடு, மாதவனைப் பக்கம்தான். அந்தத் தரையில் வெளியாட்கள் வந்து பயிர் செய்யத் தொடங்கியதால் 2023ல் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் ரோட்டோரம் குந்தியிருந்து போராடினார்கள். மாடுகள் வெட்டுப்பட்டும் சுடப்பட்டும் செத்தன. அந்த நிலத்துக்கே பாதுகாப்பு இல்லாதபோது, அதற்குப் பக்கத்தில் ‘அழகான இடம், வந்து பாருங்கள்’ என்று பலகை நட்டால் யாருடைய கண்ணெல்லாம் படும் என்று யோசித்தீர்களா?

முதலில் நடைபாதை வரும். பிறகு ஜீப் ரோடு. அதற்குப் பிறகு நிலம் அளக்க ஆள் வரும்.

யோர்க்சியர் மட்டுநகரான்:
நான் பிறந்தது களுவாஞ்சிக்குடிப் பக்கம். இப்போது இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு மேட்டுப் புல்வெளிக் கிராமத்துக்குக் கிட்ட. அந்த ஊரும் ஆடு மாடு மேய்க்கும் ஊர்தான். ஓகஸ்ட் மாதம் ஹெதர் செடி பூத்தால் மலை முழுக்க ஊதா நிறமாகும், நடக்கிற சனம் கூட்டமாக வரும். மேய்ப்பு நின்று போகவில்லை.

அது சட்டத்தால் வந்தது. அந்தக் காலத்தில் பிரபுக்கள் வேட்டைக்காக வெளிகளை அடைத்து வைத்திருந்தார்கள். 1932ல் கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். கடைசியில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுவெளி, பொதுநிலம் என்று குறித்த இடங்களில் நடந்து போக எல்லோருக்கும் உரிமை கொடுத்தது. நடக்க மட்டும்தான். வாகனம் ஓட்ட அந்தச் சட்டத்தில் இடமில்லை. நிலத்தில் கூடு கட்டும் பறவைகளுக்காக மார்ச் 1 முதல் யூலை 31 வரை அந்த வெளிகளில் நாயைக் கயிற்றில்தான் பிடித்துப் போக வேண்டும். ஆடு மாடு நிற்கும் இடத்தில் எப்பவுமே கயிறுதான். படலை திறந்து கிடந்தால் திறந்தபடி விட வேண்டும், சாத்தியிருந்தால் சாத்திவிட்டுப் போக வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஆட்கள் நடப்பதால் நிலம் பறிபோகாது, தம்பி. கண்காணிக்க நாலு கண் கூடுதலாகக் கிடைக்கும்.

பட்டிக்காரன் மகன்:
அண்ணன், உங்கள் ஊரில் அந்த நிலம் யாருடையது என்பதில் சண்டை இல்லை. காணி உறுதி இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. அதற்கு மேலேதான் நடக்கும் உரிமையை வைத்தார்கள். எங்களிடம் மேய்ச்சல் தரைக்கு வர்த்தமானி (அரச அறிவித்தல்) கேட்டுக் கேட்டு வாய் நோகிறது. அத்திவாரம் இல்லாமல் கூரை போடச் சொல்கிறீர்கள்.

பறவைக் கதை மட்டும் சரி. எங்கள் வெளியில் ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டை இடும். பார்த்தாலும் முட்டை என்று தெரியாது. தெரியாதவன் மிதித்துவிட்டுத்தான் போவான்.

ஏறாவூர் ரீச்சர்:
எனக்குப் பயம் யானையில். நடக்க வருகிறவர்கள் மாலை வெயில் குறைந்ததும் குளக்கட்டில் படம் எடுக்க நிற்பார்கள். யானை தண்ணிக்கு இறங்குவதும் அதே நேரம்தான். ஊர்ச் சனத்துக்குத் தெரியும், ஐந்து மணிக்குப் பிறகு எந்தப் பக்கம் போகக் கூடாது என்று. யானை வெடி கையில் வைத்துக்கொண்டு இரவு முழுக்கப் பரணில் காவல் கிடக்கிற ஆட்கள் அவர்கள். அந்த இடத்தில் விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு ஏதாவது நடந்தால், பழி ஊருக்குத்தான் வரும்.

கண்ணிவெடி பற்றியும் பெற்றோர் கேட்பார்கள்.

படுவான்கரையான்:
ரீச்சர், கண்ணிவெடிக்குப் பதில் இருக்கிறது. 2017ல் மட்டக்களப்பை, தெரிந்த கண்ணிவெடிகள் எல்லாம் அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவித்தார்கள். இருந்தாலும் சனம் போய்வந்த தடத்தை விட்டு விலகக் கூடாது என்பதை முதல் விதியாக வைக்கலாம்.

யானைக்கும் அதே பதில்தான். வழிகாட்டி இல்லாமல் ஒருவரும் போகக் கூடாது, நாலு மணிக்குள் எல்லோரும் ஊருக்குத் திரும்ப வேண்டும். அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரத்தில் யானை தீவுக்குத் தீவு நீந்திப் போவதைப் படகில் இருந்து பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் ரத்துகலவில் வேடுவப் பெரியவர் முன்னால் நடக்க, வந்தவர்கள் பின்னால் போகிறார்கள். காட்டை அறிந்தவன் முன்னுக்கு நடந்தால் ஆபத்துப் பாதியாகக் குறையும்.

வாழைச்சேனை காக்கா:
எல்லோரும் வருகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அங்கே இருக்கிறவர்கள் போய்வர வழி இருக்கா? மாரி பிடித்தால் கிரான் – புலிபாய்ந்தகல் ரோட்டை வெள்ளம் மூடும். அந்தப் பக்கத்துச் சனம் தோணியில் போய்வரும். வருசா வருசம் இதுதான். பிள்ளைத்தாச்சியைத் தோணியில் ஏற்றுகிற ஊருக்கு உல்லாசப் பயணி எதற்கு என்று கேட்க மாட்டார்களா?

ஆனால் நான் எதிர்ப்பில்லை. ஆட்கள் வந்தால் ரோடும் பாலமும் வரும். 2014ல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு லேசு ஆனது, பாருங்கள். பட்டிக்காரர் மகனே, நீங்கள் ரோடு வரும் என்று பயப்படுகிறீர்கள். அந்தச் சனம் ரோடு வராதா என்று கிடக்கிறது.

பட்டிக்காரன் மகன்:
காக்கா, அது நியாயம். பாலம் வேண்டும். ஆனால் பாலம் அந்தச் சனத்துக்காக வர வேண்டும், அது அவர்களுடைய உரிமை. உல்லாசப் பயணி வந்தால்தான் பாலம் என்றால், அந்தப் பாலத்துக்கு அப்பால் இருக்கிற நிலமும் அவனுக்காகத்தான் என்று ஆகிவிடும்.

பொத்துவில்காரி:
அம்பாறை மாவட்டத்தில் இருந்து நானும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டையும் பார்த்த ஊர் எங்களுடையது.

அறுகம்பையில் அலைச்சறுக்குச் சீசனுக்கு வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். முதலில் ஊர் வீட்டில் ஒரு அறை, ஒரு சாப்பாட்டுக் கடை என்று தொடங்கியது. எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அதில்தான் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் தெற்கே பாணமைப் பக்கம் ராகம்வெலவில் 2010ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். குடிசைகளை எரித்துச் சனத்தைத் துரத்தினார்கள். அந்தக் கரையில் பிறகு உல்லாச விடுதி எழுந்தது. 2015ல் காணியைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் அந்தச் சனம் போராடிக்கொண்டே இருந்தது. ஆகவே தம்பியுடைய பயம் கற்பனை இல்லை.

இன்னொன்றும் எங்கள் பக்கத்தில் உண்டு. கதிர்காம யாத்திரை. ஆடி உற்சவத்துக்கு முன்னால் உகந்தையில் இருந்து குமண, யால காட்டு வழியைச் சில நாட்களுக்குத் திறப்பார்கள். குறித்த நாளில் மூடிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான சனம் நடக்கும், முதியவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் கூட. இருட்டுக்கு முன் தங்குமிடம் சேர வேண்டும், பொலித்தீன் கொண்டு போகக் கூடாது. யானையும் கரடியும் உள்ள காடுதான் அது. நடந்தவர்களில் ஒருவரும் அந்தக் காட்டில் காணி கேட்டதில்லை. திறக்கும் நாளும் மூடும் நாளும் இருப்பதுதான் அந்த வழியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். குடும்பிமலைக்கும் அப்படி ஒரு தவணை வையுங்கள். மாடு அந்தப் பக்கம் நிற்கும் மாதங்களில் வழி மூடியிருக்கட்டும். அறுவடை முடிந்து மாடு வயல் தாளுக்கு இறங்கிய பிறகு திறக்கட்டும்.

யோர்க்சியர் மட்டுநகரான்:
அக்கா சொன்னது நான் சொன்னதை விடப் பொருத்தம். இங்கிருந்து உதாரணம் தேட வேண்டிய தேவையே இல்லை.

படுவான்கரையான்:
அக்கா, தவணை யோசனையை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மாடு வயலுக்கு இறங்கிவிட்டால் நான் காட்ட நினைத்த பட்டி அங்கே இருக்காது. அந்த மாதங்களில் பட்டியை ஊருக்குக் கிட்டவே காட்டலாம், மலைப்பக்கம் நடை மட்டும் போதும். குளம் வற்றி வரும் காலம் என்பதால் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் சேற்றில் கூட்டமாக மேயும், அதுவே பார்க்கப் போதும்.

ஏறாவூர் ரீச்சர்:
2007ல் சண்டை நடந்த மலை அது. ஊரை விட்டு ஓடித் திரும்பி வந்த சனம். வருகிறவர்கள் போர்க்களம் பார்க்கிற மாதிரி வந்து, வீட்டு வாசலில் நின்று ‘அப்போது என்ன நடந்தது’ என்று கேட்கக் கூடாது. இதையும் விதியாக எழுதுங்கள். சொல்ல விரும்புகிறவர்கள் தாங்களாகச் சொல்வார்கள்.

பட்டிக்காரன் மகன்:
ரீச்சருக்கு நன்றி. இதை நான் எழுத வேண்டும் என்று நினைத்தேன், கை வரவில்லை.

அக்காவின் தவணை யோசனையில் எனக்குப் பாதிச் சம்மதம். நாளைக் குறிப்பது யார்? கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்து குறித்தால் நான் எதிர்ப்பு. வனத் திணைக்களத்தின் அனுமதி எடுக்க வேண்டிய இடங்களுக்கு எடுக்கட்டும், அது வேறு. ஆனால் திகதியைப் பட்டிக்காரரும் வயல்களை மேற்பார்க்கும் வட்டை விதானைமாரும் உட்கார்ந்துதான் வைக்க வேண்டும். மேய்ச்சல் தரைக்கு வர்த்தமானி வரும்வரை மாதவனைப் பக்கம் ஒருவரையும் கூட்டிப் போகக் கூடாது. இந்த இரண்டிலும் நான் இறங்கி வர மாட்டேன்.

படுவான்கரையான்:
முதலாவதை அப்படியே ஏற்கிறேன் தம்பி. இரண்டாவதில் எனக்கு இப்பவும் வேறு கருத்துத்தான். யாரும் பார்க்காத நிலத்தைப் பறிப்பது சுகம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் மாடு உங்களுடையது, முடிவும் உங்களுடையது.

அதுவரை தெற்கில் தொடங்குகிறேன். குருமண்வெளியில், மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறி மண்டூரில் இறங்கலாம். முருகன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, வயல் வரம்பால் கொஞ்சத் தூரம் நடந்து, மத்தியானம் ஊர் வீட்டில் சாப்பாடு. விருப்பமானவர்களுக்கு அடுத்த நாள் தாந்தாமலையும் உன்னிச்சைக் குளமும். சமைத்துத் தர முன்வரும் வீடுகள் யாருக்காவது தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.

வாழைச்சேனை காக்கா:
ஆற்று மீன் குழம்பு என்றால் நானே ஆள் சொல்கிறேன். பட்டிக்காரர் கூட்டத்துக்குத் திகதி வைத்தால் அதையும் இங்கே போடுங்கள், நானும் வருகிறேன். பாலத்துக்கான மனுவை அந்தக் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கலாம்.