சின்ன இன்ஜின் பிரிக்க வீட்டிலேயே செய்யும் டூல்கள்: ஃப்ளைவீல் நட்டுக்கு என்ன வழி?

கரிக்கை:
பழைய புல்வெட்டும் மெஷின், 4 ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். நீலப் புகை விடுகிறது, ஆயிலும் குடிக்கிறது. பிஸ்டன் ரிங் மாற்றி வால்வையும் தேய்த்துவிடலாம் என்று உட்கார்ந்தால் முதல் நட்டே மிரட்டுகிறது. ஃப்ளைவீல் (கிராங்க் முனையில் மாட்டிய கனமான சக்கரம்) நட்டில் ஸ்பேனர் போட்டால் கிராங்கும் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) கூடவே சுற்றுகிறது. இதற்கென்று விற்கும் டூல்களை எல்லாம் வாங்கினால் இன்னொரு இன்ஜினே வாங்கிவிடலாம் போல. எதையெல்லாம் நாமே செய்துகொள்ளலாம்? ஃப்ளைவீலில் இருக்கும் ஃபேன் இறக்கையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிப் பிடித்தால் போதும் என்கிறார் ஒருவர். சரிதானா?

மரைதிருகி:
வேண்டாம் தம்பி. இறக்கை வெறும் வார்ப்பு, பொட்டென்று போய்விடும். அப்புறம் பேலன்ஸ் கெட்டு இன்ஜின் உதறும்.

பழைய ஸ்டார்ட்டர் கயிறு கிடக்கும் அல்லவா, அதுதான் முதல் டூல். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கம்ப்ரஷன் முடிந்து, பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஓர் அங்குலம் போல இறங்கியதும் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியே கயிற்றைத் திணியுங்கள். நுனியில் முடிச்சுப் போட்டு வெளியே விட்டுவையுங்கள். நட்டைக் கழற்றும் பக்கம் திருப்பினால் பிஸ்டன் மேலேறி, கயிற்றை நெருக்கி நின்றுவிடும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் நேரம் என்பதால் எதுவும் வளையாது. பலர் உச்சிக்கு முன்னாலேயே கயிற்றை விட்டுவிட்டு, பிஸ்டன் கீழே ஓடுகிறதே என்று புலம்புவார்கள். முன்னால் விடுவது திரும்ப மாட்டி இறுக்கும்போது.

ஃப்ளைவீலின் நடுப்பக்கம் ஓட்டைகள் இருந்தால் அதை இழுத்துக் கழற்றும் புல்லரும் செய்துகொள்ளலாம். கனமான இரும்புப் பட்டையில் அதே இடைவெளிக்குத் துளை போடுங்கள். நட்டைக் கிராங்க் முனையோடு சமமாக விட்டு, பட்டையை அதன்மேல் உட்காரவைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஓட்டையில் மரை இல்லையென்றால் முதலில் மரை வெட்டும் டேப் ஓட்ட வேண்டும். விளிம்பைக் கவ்வி இழுக்கும் புல்லர் பக்கமே போகாதீர்கள், ஃப்ளைவீல் கோணிவிடும்.

பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விடும்போது ரிங்குகளை அமுக்கிப் பிடிக்கும் ரிங் கம்ப்ரஸருக்கு ஒரு தகரப் பட்டை, ஒரு ஹோஸ் கிளிப். விளிம்புப் பிசிறை எம்ரி பேப்பரில் தேய்த்து, ஆயில் தடவி ரிங்குகளின் மேல் சுற்றுங்கள். சுத்தியலின் மரப்பிடியால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தட்டுங்கள். சட்டென்று நின்றால் ரிங் எங்கோ வெளியே எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் ஓர் அடி அடித்தாலும் ரிங் உடையும்.

வால்வு தேய்க்க, தண்டில் இறுக்கமாக நுழையும் ரப்பர் ஹோஸ் துண்டு போதும். உள்ளங்கைகளுக்கு நடுவே மத்து கடைவதுபோல் இப்படியும் அப்படியும் உருட்டுங்கள். டிரில் மாட்டாதீர்கள்.

டூஸ்ட்ரோக்_தாத்தா:
2 ஸ்ட்ரோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எக்ஸாஸ்ட் போர்ட்டை (புகை வெளியேறும் துளையை) பிஸ்டன் முழுசாக மூடிய பிறகுதான் கயிறு. இல்லாவிட்டால் கயிறு போர்ட்டுக்குள் போய் வெட்டுப்படும்.

கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் சீல் ஒழுகுகிறதா என்று பார்க்கப் பழைய ரத்த அழுத்தக் கருவியின் பம்பும் மீட்டரும் அருமையான டூல். 300 மி.மீ. பாதரசம் என்றால் கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), இந்த வேலைக்கு அது தாராளம். கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட்டையும் சைக்கிள் ட்யூப் ரப்பர் வைத்து அடைத்து, பீங்கானை எடுத்த பழைய பிளக் வழியே காற்றடித்து, சீலில் சோப்பு நுரை தடவுங்கள். பம்பின் திருகு சரியாக மூடாமல் முள் இறங்கினால் இன்ஜினைக் குற்றம் சொல்லாதீர்கள்!

அளக்கிற சாமானை மட்டும் வாங்கிவிடுங்கள். ரிங் இடைவெளியைக் கண்ணால் அளக்க முடியாது.

கரிக்கை:
கயிறு வேலை செய்தது, ஃப்ளைவீலும் வந்துவிட்டது. ஆனால் ஃப்ளைவீலைக் கிராங்கோடு பொருத்தி வைக்கும் கீ (சின்ன உலோகத் துண்டு) பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. இரும்புத் துண்டை ராவி ஒன்று செய்துகொள்ளலாமா அண்ணே?

மரைதிருகி:
அதை மட்டும் செய்யாதீர்கள். புல்வெட்டும் இன்ஜின் பலவற்றில் கீயை வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் வைத்திருப்பார்கள். பிளேடு கல்லில் மோதினால் கீ போகும், கிராங்க் தப்பிக்கும். உங்கள் மாடலுக்கு உரிய கீயையே வாங்கிப் போடுங்கள். போடும் முன் கிராங்கின் கூம்பு முனையை ஆயில் இல்லாமல் துடைத்துவிடுங்கள்.