எக்ஸோசோம் மட்டும் போட்டாலே டி.என்.எஃப். ஏறுகிறது, எங்கே தப்பு?

வணக்கம். தொப்புள்கொடி ஸ்டெம் செல்லின் எக்ஸோசோம் (செல் வெளியே விடும் நுண்பை) அழற்சியைக் குறைக்கிறதா என்று ரா 264.7 என்ற எலி மேக்ரோஃபேஜ் (நோய் எதிர்ப்பு) செல்லில் பார்க்கிறேன். 24 மணி நேரம் எக்ஸோசோம், அப்புறம் அழற்சியைத் தூண்ட எல்.பி.எஸ். (பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள பொருள்) மில்லிக்கு 100 நானோகிராம். புரதத்தை அளக்கும் எலைசா டெஸ்டில், அழற்சியின்போது செல் விடும் டி.என்.எஃப்-ஆல்ஃபா நன்றாகவே இறங்குகிறது. ஆனால் எல்.பி.எஸ். போடாத, எக்ஸோசோம் மட்டும் உள்ள வெல்களிலும் டி.என்.எஃப். வருகிறது. வெறும் மீடியாவில் ஒன்றும் இல்லை. மூன்று முறையும் இதே கதை. சாம்பிளை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டித்தான் போடுகிறேன். இரண்டு மாத உழைப்பு, கைடிடம் காட்டவே பயமாக இருக்கிறது.

பதில் 1:
தம்பி, முதலில் எண்டோடாக்சினை, அதாவது சாம்பிளில் தெரியாமல் கலந்த எல்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படுங்கள். அந்த ஃபில்டர் பாக்டீரியாவைத்தான் நிறுத்தும், எல்.பி.எஸ். தாராளமாகக் கடந்து போகும். கவலை வேறு இடத்தில். கொஞ்சம் எல்.பி.எஸ்.ஸை முன்கூட்டியே பார்த்த மேக்ரோஃபேஜ் மரத்துப்போகும், மறுநாள் நிறைய கொடுத்தாலும் டி.என்.எஃப். குறைவாகத்தான் விடும். நீங்கள் பார்த்த இறக்கமே இதனால் வந்திருக்கலாம். எல்.ஏ.எல். டெஸ்ட் போடுங்கள், எண்டோடாக்சின் இருந்தால் ஜெல்லாக உறையும். கூடவே ஒரு பங்கைக் கொதிக்க வைத்தும், இன்னொன்றில் பாலிமிக்சின்-பி சேர்த்தும் பாருங்கள். கொதித்தால் புரதம் கெடும், எல்.பி.எஸ். தாங்கும்; பாலிமிக்சின் எல்.பி.எஸ்.ஸைப் பிடித்து முடக்கும். கொதித்த பிறகும் டி.என்.எஃப். ஏறி, பாலிமிக்சினில் அடங்கினால் எல்.பி.எஸ். தான்.

பதில் 2:
செல்லே இல்லாத மீடியாவையும் இதே மாதிரி அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அந்தப் படிவை ஒரு வெல்லில் போடுங்கள். மீடியாவில் சேர்க்கும் மாட்டு சீரத்திலேயே எக்ஸோசோம் உண்டு. இந்த கன்ட்ரோல் இல்லாமல் எதையும் நம்ப மாட்டேன்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன் அண்ணா. கொதிக்க வைத்ததிலும் ஏறியது, பாலிமிக்சினில் அடங்கிவிட்டது. எல்.ஏ.எல். குழாயை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் கவிழ்த்தால், ஜெல் விழாமல் அப்படியே நின்றது. எக்ஸோசோம் கரைக்கும் பி.பி.எஸ். (உப்புக் கரைசல்) குழாயிலும் அதே ஜெல்! லேபில் நாங்களே தயாரித்து ஆட்டோகிளேவ் செய்த பாட்டில் அது. பழைய எண்களை வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. ஆட்டோகிளேவில் எண்டோடாக்சின் போகாது. கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வையுங்கள், பி.பி.எஸ். எண்டோடாக்சின் இல்லாததாக வாங்குங்கள். எக்ஸோசோமைப் புதிதாக எடுத்து, செல் இல்லாத மீடியா கன்ட்ரோலோடு ஒரே பிளேட்டில் போடுங்கள். கைடிடம் அந்த ஜெல் குழாயையே காட்டுங்கள், திட்ட மாட்டார்.