8.4 கிராம் சமையல் சோடா: என் விடை ஏன் இரண்டு மடங்கு?

ஆணிக்கடை அப்பா:
மகள் பதினொன்றாம் வகுப்பு. நேற்றிரவு இருவரும் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டினோம். 8.4 கிராம் சோடியம் பைகார்பனேட்டை, அதாவது சமையல் சோடாவை, முழுவதும் சிதையும்வரை சூடாக்கினால் எத்தனை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு? மோல் என்பது டஜன் மாதிரி, துகள்களை எண்ணும் அலகு. மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 84 கிராம், ஆகவே 0.1 மோல். ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்பதால் 22.4 ஆல் பெருக்கினால் 2.24. புத்தகமோ 1.12 என்கிறது. அச்சுப்பிழை என்று அவளிடம் அடித்துச் சொல்லிவிட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
முதலில் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள்! சமன்பாட்டைச் சமன் செய்தீர்களா? இரண்டு மோல் பைகார்பனேட் சிதைந்தால்தான் ஒரு மோல் வாயு வரும். மீதி சோடியம் கார்பனேட்டும் நீரும். ஆக 0.05 மோல், 1.12 லிட்டர். ஆணியை எண்ணாமல் நிறுத்துத்தானே விற்கிறீர்கள்? கிராமை மோலாக்குவதும் அதுவே. ஆனால் ஒரு கதவுக்கு எத்தனை ஆணி என்பதைத் தராசு சொல்லாது, சமன்பாடுதான் சொல்லும்.

ஆய்வகத்துக்காரன்:
ஒரு சிறு குறிப்பு. 22.4 என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துக்கு. அதைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தமான 1 பார் என்று கேள்வியில் இருந்தால் 22.7 போட வேண்டும்.

ஆணிக்கடை அப்பா:
மன்னிப்புக் கேட்டாயிற்று. அபராதம் பஜ்ஜியாம். மாவில் சோடா எத்தனை மோல் என்று கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள்.