கண்மாய்ச் சேற்றில் 0.9 வோல்ட் வருகிறது, எல்.இ.டி. மட்டும் எரியவில்லை

கண்மாய்க்கரையான்:
வணக்கம். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக் கண்காட்சிக்கு பாக்டீரியா மின்சாரம் செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள் ஒன்பதாம் வகுப்பு மகள். வேலை எனக்கு. கண்மாயில் முழங்கால் அளவு இறங்கி, அழுகின முட்டை நாற்றமடிக்கும் கறுப்புச் சேறாகப் பார்த்து ஒரு பெயிண்ட் வாளி அள்ளி வந்தேன். அடியில் ஜி.ஐ. வலைத் துண்டு, மேலே தண்ணீரில் செப்புக் கம்பிச் சுருள். மல்டிமீட்டரை வைத்த உடனே 0.9 வோல்ட்! ஆனால் சிவப்பு எல்.இ.டி. எரியவில்லை. 2.7 வோல்ட் வருமென்று அதே வாளியில் இன்னும் 2 ஜோடி புதைத்து வரிசையாக இணைத்தேன். மீட்டர் ஏறவே மாட்டேன் என்கிறது. இன்னும் ஐந்து வாரம்தான். எங்கே கோட்டை விட்டேன்?

ஜவ்வரிசித்தண்ணி:
அண்ணே, மன்னிக்கணும். அந்த 0.9 வோல்ட் பாக்டீரியா கொடுத்ததில்லை. ஜி.ஐ. வலையின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. அதோடு செம்பும் ஈரமும் சேர்ந்தால் எலுமிச்சம்பழ பேட்டரி. 'வைத்த உடனே' என்றீர்களே, அங்கேயே தெரிந்துவிட்டது. பாக்டீரியா மின்முனையில் படிந்து பெருக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். வெட்கப்படாதீர்கள். எம்.எஸ்சி. புராஜெக்டில் சேலத்து ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரை வைத்துக்கொண்டு, உள்ளே மூழ்கித் துருப்பிடித்த கிளிப் கொடுத்த மின்னோட்டத்தை இரண்டு மாதம் பாக்டீரியா கணக்கில் எழுதியவன் நான்.

நாம் சாப்பாட்டிலிருந்து எடுக்கும் எலக்ட்ரானைக் கடைசியில் ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறோம். சேற்றுக்குள் ஆக்சிஜன் ஏது? ஜியோபாக்டர் மாதிரி பாக்டீரியா எலக்ட்ரானை இரும்புத் துருவிடம் தள்ளும். 1987-ல் நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லி அமெரிக்காவின் போட்டோமேக் ஆற்றுச் சேற்றில் கண்டுபிடித்த இனம் அது. துரு இருக்கும் இடத்தில் கரியை வைத்தால் கரியிடமும் தள்ளும். எலக்ட்ரான் கம்பி வழியே மேலே ஏறி, நீர்ப்பரப்பில் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும்.

அதனால் செம்பையும் ஜி.ஐ.யையும் தூக்கிப் போடுங்கள். செம்பு பாக்டீரியாவைக் கொல்லும் வேறு. கார்பன் ஃபெல்ட் (கரி இழைத் துணி) கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பழைய டார்ச் பேட்டரிக் கட்டையின் கரிக்குச்சிகளைக் கட்டாகக் கட்டுங்கள். ஒரு கட்டு சேற்றில் ஆழமாக, இன்னொன்று தண்ணீரில் பாதி நனைந்தபடி. கம்பி முடிச்சு நனையக்கூடாது. நடுவில் 1000 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) எப்போதும் இணைந்திருக்கட்டும். ஒரே வாளியில் வரிசை இணைப்பு வேலைக்காகாது, சேறே எல்லா ஜோடிகளையும் உள்ளுக்குள் இணைத்துவிடும்.

இன்னொரு வாளியில் கொதிக்கவைத்து ஆறவைத்த சேறு வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி காட்டினால் மறுபடி ஏதோ உலோகம் ஏமாற்றுகிறது என்று அர்த்தம்.

கண்மாய்க்கரையான்:
கைதட்டினது வீண்! சரி, கரிக்குச்சிக்கு மாறுகிறேன். மகள் கேட்கிறாள்: வீட்டு பல்பு எரிய எத்தனை வாளி வேண்டும்?

மீட்டர்ரீடிங்:
1000 ஓமின் முனைகளில் 0.3 வோல்ட் என்றால் 0.3 மில்லிஆம்பியர், அதாவது 0.09 மில்லிவாட். 9 வாட் பல்புக்கு ஒரு லட்சம் வாளி. கண்மாயையே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

கண்காட்சிக்கு நாலைந்து தனித்தனி வாளிகளை வரிசையாக்கி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு சூப்பர் கெப்பாசிட்டரை நிதானமாக ஏற்றுங்கள். 2 வோல்ட் தாண்டியதும் பட்டனை அழுத்தினால் சிவப்பு எல்.இ.டி. மினுக்கும். பெரியவர்களும் இப்படிச் சேர்த்து வைத்துத்தான் செலவழிக்கிறார்கள். அதே போட்டோமேக்கில், ஆற்றடிச் சேற்று மின்சாரத்தில் வானிலை மிதவை ஓடியதை அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தார் 2008-ல் வெளியிட்டார்கள்.

கண்மாய்க்கரையான்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் எட்டு நாள் ஒன்றுமே இல்லை, வாளியைக் கொட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். இன்று காலை 1000 ஓமில் 0.28 வோல்ட். கொதிக்கவைத்த வாளி 0.02. அது ஏன் பூஜ்யம் இல்லை என்று மகள் கேட்கிறாள், யாராவது சொல்லுங்கள்.