ஜெர்மனி குறைந்தபட்ச ஊதியம்: வேலை நேர ஆய்வை எப்படி வடிவமைப்பது?

கேள்வி: 2015 ஜனவரி 1-ல் மணிக்கு 8.50 யூரோ நாடு முழுக்க ஒரே நாளில் அமலானது. அது வேலை நேரத்தை மாற்றியதா என்று பார்க்க, ஒப்பீட்டுக் குழுவுக்கு எங்கே போவது?

பதில் 1: வட்டாரங்களை ஒப்பிடுங்கள். 2014-ல் 8.50-க்குக் கீழே வாங்கியவர்களின் விகிதம் கிழக்கில் அதிகம், மேற்கில் குறைவு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இரு பகுதிகளின் வேலை நேரமும் இணையாக நகர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

பதில் 2: தனிநபர் தரவு என்றால் கவனம். மாதச் சம்பளத்தை மணியால் வகுத்துக் குழு பிரித்தால், நேரத்தைக் கூட்டிச் சொன்னவரும் குறைந்த கூலிக்காரராகிவிடுவார். மறு ஆண்டு சரியாகச் சொன்னதும் நேரம் குறைந்ததாகத் தெரியும். இது பொய் விளைவு. ஒப்பந்த நேரம், உண்மை நேரம் இரண்டையும் தனித்தனியே மதிப்பிடுங்கள்.

பதில் 3: மினிஜாப் (மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள சிறு வேலை) ஆட்களைத் தனியே வையுங்கள். 2022 செப்டம்பர் வரை உச்சவரம்பு 450 யூரோ, 8.50-ல் மாதம் சுமார் 53 மணி, 2022 ஜூலையின் 10.45-ல் 43 மணிதான். இந்தக் குறைவுக்கு முதலாளியின் முடிவு காரணமல்ல, வரம்புதான். 2022 அக்டோபரில் வரம்பு 520 ஆகி, குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 10 மணி வேலையோடு இணைக்கப்பட்டது. அங்கே தரவுத் தொடரை வெட்டுங்கள்.